கத்தியின் வடுவும் கருத்தின் வடுவும்

மார்பகத்தை இழந்த மங்கை, மங்கை அல்லளா? கேள்வியே கொடியது என்பீர்கள். ஆயினும் அமெரிக்க நாட்டில் பல்லாயிரம் பெண்களின் உள்ளத்தை முக்கால் நூற்றாண்டுக் காலம் அறுத்தது இக்கேள்விதான். அந்த வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட், 1894 இல் தம் அறுவை முறையை வெளியிட்டார். மார்பகம், அதன் அடித்தசை, அக்குளின் நிணநீர் முடிச்சுகள் அனைத்தையும் அகற்றும் முறை அது. நோய் முற்றிய பின்னரே பெண்கள் வந்த அந்நாளில் அது முன்னேற்றமே, நாம் மறுக்கவில்லை. ஆனால் அன்றைய முன்னேற்றம் பின்னாளில் வேதமாயிற்று! கட்டி எத்தகையது என்றறிய மயக்கமருந்து ஏற்ற பெண், புற்று எனத் தெரிந்தால், அதே மயக்கத்தில் மார்பகத்தை இழந்தாள். விழித்த பின்னரே தன் உடலின் நிலையை அறிந்தாள்.

வேதத்தை எதிர்த்து வினா எழுப்பினர் பெண்கள். 1974 இல், சோதனை முடிந்து, தாம் சிந்தித்த பின்பே அறுவை என்றார் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர். மருத்துவர் பலர் மறுத்தனர், அவர் பணியவில்லை. அதே ஆண்டில் குடியரசுத் தலைவரின் துணைவி பெட்டி ஃபோர்டு, தமக்கு நடந்த அறுவையை நாடறியச் செய்தார். மூடிவைத்த பேச்சு முற்றத்துக்கு வந்தது. 1979 இல், சோதனையும் அறுவையும் தனித்தனியே நடைபெறவேண்டும் என அரசின் அறிஞர் குழு பரிந்துரைத்தது. சிறிய கட்டியாயின் அதை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு அளித்தாலும் உயிர்வாழும் வாய்ப்பு குறையாது என்பதை, 1985 இல் பெர்னார்டு ஃபிஷரின் ஆய்வு காட்டியது.

உடல் பிழைத்தது, உள்ளம்? கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டு 1978 இல் ஒரு மார்பகத்தை இழந்தார். போலி மார்பகம் அணியாமல் வந்தால் மற்றவர் மனம் தளரும் என்று கண்டித்தார் செவிலி ஒருவர். இழந்தவள் இவள், தேற்றவேண்டியது பிறரையாம்! அந்த அநீதியை 1980 இல் நூலாகவே வடித்தார் லார்டு.

1998 இல் சட்டம் வந்தது. மார்பகம் அகற்றும் செலவை ஏற்கும் காப்பீடு, சீரமைப்பு அறுவைக்கும், இரு பக்கமும் ஒத்திருக்க மறு மார்பகத்தைத் திருத்துவதற்கும், செயற்கை மார்பகத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்றது அது.

சீரமைப்பவள் அழகுக்கு அடிமையல்லள். சீரமைக்காதவள் குறைபட்டவளும் அல்லள். முடிவு அவளுடையதாகும்போதே மனக்காயம் ஆறத் தொடங்கும். கத்தியின் வடுவை மருத்துவம் ஆற்றும். பெண்ணை உறுப்பால் அளக்கும் கருத்தின் வடுவை ஆற்றுவது யார்? இளைஞர்களே, அது நம் பணி!