பல்லிணைப் பெட்டி நெய்ச் சூத்திரம்: விளக்கவுரை

பழகிய வண்டிப் பல்லிணைப் பெட்டிக்கு
நான்காந் தரமே நெய்யெனப் படுமே;
ஐந்தாந் தரம்பின் னச்சினுக் குரித்தே;
தொண்ணூ றென்னுந் தடிப்பொடு முன்னெண்
நிலத்தின் குளிரும் நோக்கிக் கொண்டு
மேற்றுளை திறந்தே கீழ்த்துளை திறந்து
பழையது கண்டு புதியது பெய்க.

என்பது சூத்திரம். இஃது என் நுதலிற்றோ எனின், கையால் கியர் மாற்றும் பழைய வேனின் பெட்டிக்குரிய எண்ணெயைத் தெரியுமாறும், தெரிந்ததனை மாற்றுமாறும் உணர்த்துதல் நுதலிற்று.

பழகிய வண்டிப் பல்லிணைப் பெட்டிக்கு

'பழைய' என்னாது 'பழகிய' என்றார், ஆண்டெண்ணிக்கையன்றித் தேய்மானமே ஈண்டுக் கருதப்படுதலின். பல்லிணைப் பெட்டியாவது பற்சக்கரங்கள் இணைந்து சுழலும் கூடு. பட்டறையார் கியர் பாக்ஸ் என்ப. வண்டி என்று பொதுவாற் கூறினாரேனும், பின்னர்ப் 'பின்னச்சு' எனப் பிரித்து ஓதுதலின், பெட்டி வேறாகவும் பின்னச்சு வேறாகவும் அமைந்த வேனே கொள்ளப்படும். மாருதி ஆம்னி அத்தகையது. 1984இல் மாருதி வேன் என்னும் பெயரொடு வந்து, 1988இல் ஆம்னி எனப் பெயர் பெற்று, 2019இல் ஆக்கம் நின்றமையின், இன்று ஓடுவனவற்றுள் 'பழகிய' என்னும் அடைக்குப் புறம்பாவது ஒன்றும் இல்லை. அதன் பொறி முன்னிருக்கையின் கீழ்க் கிடப்ப, நீள்தண்டு ஒன்று விசையைப் பின்னச்சிற்குக் கடத்தும். ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டரின் பழைய வடிவங்களில் இரண்டும் ஒரே கூட்டினுள் அடங்கி ஒரே எண்ணெயில் நனையுமாதலின், அவற்றிற்கு இச்சூத்திரத்தின் மூன்றாம் அடி செல்லாது; அவ்வவ் வண்டியின் கையேடு கூறியதே விதி.

பெட்டிக்கு என்புழிக் குவ்வுருபு பொருட்டுப் பொருளில் வந்தது. எண்ணெய் பெட்டியின் பொருட்டேயன்றி, விற்போன் கையிருப்பின் பொருட்டு அன்று என்பது குறிப்பு.

நான்காந் தரமே நெய்யெனப் படுமே

நான்காந் தரமாவது, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தார் வகுத்த ஜி.எல்.-4 என்னும் தரம். நெய் என்பது எண்ணெய்க்குப் பொதுப்பெயராய் நின்றது. தரமே என்னும் ஏகாரம் பிரிநிலை. பிறவற்றின் நீக்கி நின்றது. படுமே என்னும் ஏகாரம் ஈற்றசை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் சூத்திரத்தின் உயிர்நிலையை இழப்பர்.

நான்கினும் ஐந்து பெரிதாகலின், பெரியதனை இடுதல் சிறப்பாகாதோ எனின், அற்றன்று. ஈண்டு எண் தகுதியை உணர்த்தாது தொழிலை உணர்த்திற்று. பெட்டியினுள் பற்களேயன்றிச் சிங்க்ரோ ரிங் எனப்படும் வளையங்களும் உள. அவை பெரும்பான்மையும் பித்தளையால் ஆயவை. ஓட்டுநன் கியர்க்கோலைத் தள்ளுங்கால், வளையம் தன் கூம்பிய உட்புறத்தால் எதிர்ச் சக்கரத்தின் கூம்பைப் பற்றி உராய்ந்து, இரண்டன் வேகத்தையும் ஒப்பாக்கும்; ஒத்தபின்னரே பல்லொடு பல் கூடும். எனவே ஒரே எண்ணெய்க்கு மாறுபட்ட இரு கடன்கள் உளவாயின: பற்களுக்கு வழுக்குதல் வேண்டும், வளையத்திற்கு வழுக்காமை வேண்டும். வளையத்தின் உட்புறத்தில் நுண்ணிய வரிகள் வெட்டியிருத்தலும் இடைப்பட்ட எண்ணெயை வழித்து வெளியேற்றுதற்கே. இவ்விரு கடனையும் அளவறிந்து ஆற்றுவது நான்காந் தரம்.

ஐந்தாந் தரத்தில், பேரழுத்தம் தாங்குதற்குச் சேர்க்கும் கந்தக பாஸ்பரஸ் மருந்து நான்காந் தரத்தினும் ஏறத்தாழ இருமடங்கு. அதனை இப்பெட்டியில் இட்டால் வளையம் பற்றாது நழுவும்; கியர் விழுங்கால் 'கரகர' எனப் பல் கடிக்கும். வீரியமுள்ள கந்தகம் செம்பு கலந்த உலோகத்தை அரித்தலும் உண்டு.

இக்காலத்துச் சில டப்பாக்களில் ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்னும் இரண்டும் ஒருங்கே அச்சிட்டிருத்தலும், பித்தளைக்குத் தீங்கில்லை என எழுதியிருத்தலும் காண்கின்றோமால் எனின், அரியாமை வேறு, வழுக்காமை வேறு என்க. அரிப்பில்லா ஐந்தாந் தரமும் வளையத்தின் பிடியைக் குறைத்தல் கூடும். ஆகலின் பிரிநிலை ஏகாரம் அந்நீர்மைய டப்பாக்களையும் நீக்கிற்று.

ஐந்தாந் தரம்பின் னச்சினுக் குரித்தே

பின்னச்சு, பட்டறை வழக்கிற் கிரவுன் எனப்படுவது. அதன்கண் பினியனின் அச்சு கிரவுன் சக்கர நடுவிற்குக் கீழே தாழ்ந்து நிற்கும். அத்தாழ்வினாற் பற்கள் உருளுதலோடு நீளவாக்கிற் பெரிதும் சறுக்கும். சறுக்குழி எண்ணெய்ப் படலம் கிழியும். கிழிந்தவிடத்து மருந்து இரும்பொடு வினைப்பட்டு ஒரு மென்தோலை ஆக்கிப் பல்லைக் காக்கும். வளையம் அங்கு இன்மையின் வழுக்குதல் குற்றமாகாது. உரித்தே என்னும் ஏகாரம் தேற்றம். முன்னடியில் விலக்குண்ட ஐந்தாந் தரத்தை இழிந்தது என மாணாக்கன் கருதாமைப் பொருட்டு, அதற்குரிய இடம் இதுவென ஈண்டு ஓதினார். கிரவுன் ஆயில் மிஞ்சியதைப் பெட்டியில் ஊற்றும் சிக்கனமும் இதனானே விலக்குண்டது.

தொண்ணூ றென்னுந் தடிப்பொடு

தடிப்பு, எண்ணெயின் கொழுமை. கடைக்குச் சென்று 'நைன்டி ஆயில்' என்று மட்டும் கேட்பார் பலர். அது தடிப்பைக் கூறிற்றேயன்றித் தரத்தைக் கூறிற்றில்லை. இரண்டும் சொல்லி வாங்குக. தடிப்பொடு என்னும் ஒடுவுருபு உடனிகழ்ச்சிப் பொருட்டாய் நின்று, தரமும் தடிப்பும் ஒருங்கு வேண்டும் என்றது.

என்ஜின் எண்ணெய் நாற்பதாக, இது தொண்ணூறாதலின் இருமடங்கு கொழுவியது போலும் எனின், அன்று, அளவுகோல் வேறு. எஸ்.ஏ.இ. வகுப்பின்படி, 100 பாகை செல்சியசில் கியர் எண்ணெய் தொண்ணூறு 13.5 சென்டிஸ்டோக்கிற்குக் குறையாது, 18.5ஐ எட்டாது. என்ஜின் எண்ணெய் நாற்பது 12.5க்கும் 16.3க்கும் இடைப்பட்டது. இரண்டும் பக்கத்து வீட்டார் என்றே கொள்ளலாம்.

பெட்டி ஓலமிடுகின்றது என்று நூற்று நாற்பதை ஊற்றுவாரும் உளர். அது ஓசையை மூடுமேயன்றித் தேய்வை மூடாது; வளையம் அக்கொழுமையை வழித்தெறிய மாட்டாமையின் காலையிற் கியர் விழுதல் அரிதாம். விற்கும் வண்டியின் பெட்டியில் மரத்தூள் இட்டு ஓசை அடக்குவோர் கதையும் கேட்டிருப்பீர். இஃது அதனிற் சற்றே நாகரிகமானது.

முன்னெண் நிலத்தின் குளிரும் நோக்கிக் கொண்டு

முன்னெண்ணாவது 80டபிள்யூ-90 என்புழி முதற்கண் நிற்பது. அது குளிரில் எண்ணெய் ஓடுந் திறத்தைக் கூறும். 85டபிள்யூ உறைபனிக்குக் கீழ் 12 பாகை வரையும், 80டபிள்யூ 26 பாகை வரையும், 75டபிள்யூ 40 பாகை வரையும் செல்லும். நிலத்தின் என்றமையான், வண்டி ஓடும் நிலமே அளவை. சென்னைக்கும் மதுரைக்கும் 80டபிள்யூ சாலும். உதகையின் மார்கழி விடியலுக்கும் சாலும். லடாக்கின் திராஸ் போன்ற இடத்திற்கே 75டபிள்யூ இன்றியமையாதது. குளிரும் என்னும் உம்மை எச்சவும்மையாய் வெப்பத்தையும் தழீஇயிற்று; மலைச்சாலையிற் சுமையொடு ஏறும் வேனின் பெட்டி சூடேறுதலும் நோக்குக என்றவாறு. இவற்றொடு கையேடு முரணுமாயின் கையேடே வலியுடைத்து.

மேற்றுளை திறந்தே கீழ்த்துளை திறந்து

மேற்றுளை பெட்டியின் பக்கத்துள்ள ஊற்றுந் துளை. கீழ்த்துளை டிரெயின் போல்ட் உள்ள வடிதுளை. திறந்தே என்னும் ஏகாரம் முறையை வற்புறுத்திற்று. முறை பிறழ்ந்தால் வருவது என்னை எனின், வடித்தபின் மேலாணி துருப்பிடித்துத் திரும்பாதாயின், எண்ணெயில்லாப் பெட்டியொடு வண்டி கிடந்தவிடத்தே கிடக்கும். சிறிது ஓட்டிச் சூடாக்கிப் பின் வடித்தல் உரையிற் கோடல்.

பழையது கண்டு புதியது பெய்க

கண்டு என்றது வெறும் பார்வையன்று, ஆராய்தல். வடிந்தது வெயிலிற் பொன்துகள்போல் மின்னுமாயின் வளையம் தேய்ந்தது. இரும்புச் சில்லுகள் வருமாயிற் பல்லோ பேரிங்கோ உடைந்தது. அதற்கு எண்ணெய் மருந்தன்று. ஆணியிற் காந்தம் இருப்பின், அதிற் படிந்த மென்சாம்பற் பசை இயல்பே, அஞ்சற்க. பால்போல் வெளுத்தது நீர் புகுந்தமை காட்டும். குறைந்து வந்தது கசிவு காட்டும். ஆண்டுச் சீலையும், காற்றுப் போகும் பிரீதர் அடைபட்டமையும் ஒருங்கு நோக்குக. அடைபட்டவழி உள்ளழுத்தம் சீலைத் தள்ளுதலின்.

பெய்க என்பது வியங்கோள். எவ்வளவு எனின், வண்டி சமநிலத்து நிற்ப மேற்றுளையின் கீழ்விளிம்பில் எண்ணெய் வழியுமளவும். வண்டி ஒருபாற் சாய்ந்து நிற்பின் அவ்வளவு பொய்க்கும்.

துளைகளைத் திறக்கச் சொல்லி மூடச் சொல்லாராயினார் என்னை எனின், திறந்து என்றமையானே மூடுதல் அருத்தாபத்தியாற் பெறப்பட்டது. ஆணிகட்குரிய வாஷரைப் புதிதாக இடுதலும் புதியது என்பதனுள் அடங்கும்.