விண்டோஸுக்குள் ஒரு யூனிக்ஸ் குடித்தனம்

1995இல் சிக்னஸ் நிறுவனம் தொடங்கிய சிக்வின் என்ற மென்பொருள், யூனிக்ஸ் கருவிகளோடு ‘/பின்’, ‘/யுஎஸ்ஆர்’, ‘/இடிசி’ என்ற பழைய கோப்புறை அமைப்பையும் விண்டோஸின் ஒரே கோப்புறைக்குள் குடியேற்றியது. விண்டோஸ் 95 தந்த ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ இருக்கத் தனிக்குடித்தனம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. ஷெல் நிரல்கள் பலவற்றின் முதல் வரியே ‘/பின்/எஸ்ஹெச்’ என்ற முகவரியை நம்பி நிற்கிறது; ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ பெயரின் நடுவிலுள்ள இடைவெளியோ, மேற்கோள் குறி இடாத கட்டளையை இரண்டாக உடைத்துவிடும். அத்தனை நிரல்களையும் திருத்துவதைவிட, அவை தேடும் முகவரிகளை அமைத்துக் கொடுப்பதே சிக்கனம். அதற்காக மரபு முழுவதும் புனிதமாகிவிடாது. ‘/பின்’, ‘/யுஎஸ்ஆர்/பின்’ என்ற பிரிவினை, 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் முதல் வட்டு நிரம்பி, நிரல்கள் இரண்டாம் வட்டுக்கு வழிந்ததால் வந்த தற்செயல் (தத்துவ விளக்கங்களெல்லாம் பிறகு ஒட்டியவை). சிக்வினில் அவ்விரு பெயர்களும் ஒரே கோப்புறையையே சுட்டுகின்றன. லினக்ஸ் உலகில் ஃபெடோரா அந்த இணைப்பைச் செய்தது 2012இல்தான்.