இடுப்பு எலும்பைத் தாங்கிய ஆணி

"இடுப்பு ஒடிந்தால் படுத்த படுக்கைதான்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஒரு காலத்தில் அது மிகையான பேச்சு அல்ல.

குளியலறையில் வழுக்கி விழும் மூதாட்டிக்குப் பெரும்பாலும் ஒடிவது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி, அல்லது அதற்குச் சற்றுக் கீழே உள்ள பகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் மருத்துவர் ராயல் விட்மன், காலை விரித்து வைத்து மார்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டார். எலும்பு சேரும்வரை வாரக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். படுக்கைப் புண், நிமோனியா, ரத்தக்கட்டு என ஒன்றன்பின் ஒன்றாக வரும். எலும்பு சேர்வதற்கு முன்பே உயிர் பிரிந்தவர்கள் பலர்.

1925இல் பாஸ்டன் நகரில் மாற்றம் பிறந்தது. நார்வேயில் பிறந்த ஸ்மித் பீட்டர்சன் என்ற அறுவை மருத்துவர், மூன்று சிறகுகள் கொண்ட உலோக ஆணியை எலும்பினுள் செலுத்தினார். ஏன் மூன்று சிறகுகள்? உருண்டையான ஆணியைச் சுற்றி எலும்பின் தலை சுழன்றுவிடும். சிறகுகள் அந்தச் சுழற்சியைத் தடுத்தன. 1932இல் சுவீடன் மருத்துவர் ஸ்வென் யோஹான்சன் ஆணியின் நடுவே துளையிட்டார். முதலில் மெல்லிய கம்பியைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் சரிபார்த்து, அதன் வழியே ஆணியை இறக்கினார். மூட்டைத் திறக்க வேண்டிய தேவை குறைந்தது.

கழுத்துக்குக் கீழே ஒடிந்தால் ஆணி மட்டும் போதாது. 1941இல் ஜூவெட் ஆணியையும் பக்கத் தகட்டையும் ஒன்றாக இணைத்தார். ஆனால் புதிய சிக்கல் எழுந்தது. எலும்பு சேரும்போது சற்று அமுங்கிக் குறுகும். ஆணி அசையாமல் நின்றதால், அதன் முனை எலும்பின் தலையைத் துளைத்து மூட்டுக்குள் புகுந்தது.

இதற்கு வழிகண்டவர்களுள் ஜெர்மனியின் கீல் நகரப் பொறியாளர் எர்ன்ஸ்ட் போல் முக்கியமானவர். 1951இல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பில், திருகாணி ஒரு குழாய்க்குள் சறுக்கிப் பின்வாங்கும். எலும்பு அமுங்கினால் ஆணியும் இடம் கொடுக்கும். இறுகப் பிடிப்பது மட்டுமே உறுதி அல்ல, இடம் கொடுப்பதும் உறுதிதான் என்பது அப்போது புரிந்தது.

ஆணி எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு 1995இல் பாம்கார்ட்னர் குழுவினர் ஓர் அளவுகோல் தந்தனர். முன்புற, பக்கவாட்டு எக்ஸ்ரே படங்களில் திருகாணி முனைக்கும் எலும்புத் தலையின் உச்சிக்கும் உள்ள தூரங்களைக் கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அவர்களது ஆய்வில் அந்த அளவுக்குள் இருந்த எந்தத் திருகாணியும் எலும்பைக் கிழித்து வெளிவரவில்லை. இன்று எலும்பின் உட்குழலில் பொருத்தும் நீண்ட ஆணிகள் உண்டு. பஞ்சுபோல் மெலிந்த எலும்பில் ஆணிமுனையைச் சுற்றிச் சிமெண்ட் செலுத்தும் முறையும் உண்டு.

"வயதாகிவிட்டது, அறுவை எதற்கு?" என்று தயங்கும் குடும்பங்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். முதியவரின் உயிருக்குப் பெரும் பகை படுக்கையே. விரைவில் அறுவை செய்து, இயன்றால் மறுநாளே எழுந்து நிற்க வைப்பதுதான் இன்றைய மருத்துவம். இத்தனை ஆண்டுகள் ஆணியைச் செதுக்கியதெல்லாம் அந்த முதல் அடிக்காகத்தான்.