பிட்டு அப்பையா

பிட்டு அப்பையா பெங்களூரில் பிறந்து லண்டனில் பெயரெடுத்தவர். முதலில் பாப் பாடகர். பின்னாளில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர், இசையமைப்பாளர். இசையுலகம் அவரை 'பிட்டு' என்றே அறியும். 1974-இல் வந்த 'குங் ஃபூ ஃபைட்டிங்', 1980-இல் 'குர்பானி' இந்திப் படத்தில் இடம்பெற்ற 'ஆப் ஜைசா கோயி', 1981-இன் 'டிஸ்கோ தீவானே', 1995-இன் 'மேட் இன் இந்தியா' ஆகியவை அவர் கையில் உருவானவை. இவற்றில் எதையும் அவர் பாடவில்லை. அவர் தம் குரலில் பாடி வெளியிட்ட தட்டுகளோ கடைகளில் தேங்கின.

இளமையும் டிரோஜன்ஸ் குழுவும்

பிட்டு 1940-களின் நடுவில் குடகுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பதின்பருவத்தில் ரேடியோ சிலோன் ஒலிபரப்பிய ஆங்கிலப் பாடல்களைக் கேட்டு கிதார் பழகினார். இலங்கை வானொலி என்றால் தமிழர்களுக்கு அறிவிப்பாளர் மயில்வாகனனும் தமிழ்ச் சேவையின் சினிமாப் பாட்டுகளும்தான் நினைவுக்கு வரும்.  அதே கொழும்பு நிலையத்தின் ஆங்கில ஒலிபரப்பு பெங்களூர், பம்பாய், கல்கத்தா இளைஞர்களுக்கு மேற்கத்திய இசைப் பள்ளியாக இருந்தது. அகில இந்திய வானொலியில் பாப் பாட்டுக்கு அப்போது பெரிய இடம் கிடையாது.

நண்பர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய குழுவின் பெயர் டிரோஜன்ஸ். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் பாடல்களை இவர்கள் பெங்களூர் விடுதிகளில் வாசித்தார்கள். பிறகு கல்கத்தா பார்க் தெருவின் டிரிங்காஸ் உணவகத்திலும் பம்பாயிலும் மேடை கிடைத்தது. குழு கலைந்த பிறகும் பிட்டு நிறுத்தவில்லை. 'லோன் டிரோஜன்' என்று பெயர் போட்டுக்கொண்டு கிதாரோடு தனி ஆளாகப் பாடினார். இந்திய நகரங்களில் ஆங்கிலம் பாடிப் பிழைத்தவர்களுக்கு அந்தக் காலத்தில் ஓர் எல்லை இருந்தது. ஓட்டல் மேடையும் கொஞ்சம் கைதட்டலும் கிடைக்கும். அதற்கு மேல் ஏற வழியில்லை. பிட்டு அதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்.

லண்டன், 1967

1967-இல் மேற்கு ஆசியா வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கையில் பணமில்லை. வயிற்றுப்பாட்டுக்கு லண்டனில் அமெரிக்கத் தூதரகத்தில் சமையல் வேலை பார்த்தார். அதே ஆண்டில் 'டாட்டர் ஆஃப் லவ்' என்ற தட்டு அவர் குரலில் வெளிவந்தது. மென்மையான, காலத்துக்கேற்ற பாட்டுதான், ஆனால் விற்கவில்லை. அது பீட்டில்ஸ் சித்தாரைக் கையில் எடுத்திருந்த நேரம். லண்டனில் இந்தியா என்றால் ஊதுவத்தி, ரவி சங்கர், மகரிஷி மகேஷ் யோகி என்று ஒரு மோகம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மோகத்தை விற்பனைச் சரக்காக்காமல் சாதாரண பாப் பாட்டு பாடிய பழுப்பு நிறப் பையனுக்கு அங்கே தனி இடம் இல்லை என்றே தோன்றுகிறது.

அவர் மெதுவாக மைக்கின் முன்னாலிருந்து ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நகர்ந்தார். 1969-இல் ஜப்பானின் டைகர்ஸ் குழு, பீ ஜீஸ் சகோதரர்கள் எழுதிய 'ஸ்மைல் ஃபார் மீ' பாடலைப் பதிவு செய்தபோது அந்த வேலையில் பிட்டுவின் கை இருந்தது. பாடல் ஜப்பானில் ஓடியது. 1972-இல் 'எம்பசி' என்ற ஆங்கிலப் படத்துக்கு இசையமைத்தார். அதன் பாடலுக்கு அவர் அழைத்த ஜமைக்காப் பாடகர்தான் கார்ல் டக்ளஸ்.

தயாரிப்பாளரின் வேலை

இசைத்தட்டுத் தயாரிப்பாளர் பணம் போடுகிறவர் அல்லர். எந்தப் பாட்டு, யார் குரல், என்ன வேகம், எந்த வாத்தியம் முன்னால் வர வேண்டும், எந்த டேக்கை வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் அவர். காஞ்சிபுரம் வட்டாரத்துக் கட்டைக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே வாத்தியார் என்பவர் வேஷம் கட்டத் தெரிந்தவர், பாடத் தெரிந்தவர். ஆனால் அன்றிரவு யாருக்கு எந்த வேஷம், எந்த இடத்தில் பாட்டை நீட்டுவது, எங்கே முடுக்குவது என்று ஆட்டத்தை நடத்துவதுதான் அவர் பொறுப்பு. பிட்டு பாடகராக இருந்தவர் என்பது இந்த வேலையில் அவருக்குக் கைகொடுத்தது. எந்தக் குரலால் என்ன முடியும், எதைக் கேட்டால் உடையும் என்பது பாடிப் பார்த்தவருக்குத் தெரியும்.

'குங் ஃபூ ஃபைட்டிங்'

1973-இல் புரூஸ் லீ இறந்தார். 'என்டர் தி டிராகன்' வந்தது. உலகமெங்கும் குங் ஃபூ பித்துப் பிடித்திருந்தது. 1974-இல் கார்ல் டக்ளஸைக் கொண்டு, அமெரிக்கர் லாரி வைஸ் எழுதிய காதல் பாட்டு ஒன்றைப் பதிவு செய்ய மூன்று மணி நேரத்துக்கு ஸ்டூடியோவை எடுத்திருந்தார் பிட்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதற்கே போய்விட்டது. தட்டின் மறுபக்கத்துக்கும் ஏதாவது வேண்டுமே. உன்னிடம் ஏதாவது வரி இருக்கிறதா என்று கேட்க, டக்ளஸ் தாம் எழுதி வைத்திருந்த சிலவற்றைக் காட்டினார். அதில் ஒன்று குங் ஃபூ சண்டையைப் பற்றியது. பிட்டு விளையாட்டாக மெட்டுப் போட்டார். கடைசிப் பத்து நிமிடத்தில், இரண்டே டேக்கில், 'ஹூ', 'ஹா' என்ற சண்டைச் சத்தங்களோடு வேலை முடிந்தது.

பை ரெகார்ட்ஸ் நிறுவனத்தின் ராபின் பிளாஞ்ச்ஃப்ளவர் இரண்டையும் கேட்டுவிட்டு, மறுபக்கப் பாட்டையே முகப்புப் பாட்டாக்கச் சொன்னார். முதல் ஐந்து வாரம் வானொலிகள் அதைச் சீந்தவில்லை. நடன விடுதிகள்தான் பிடித்துக்கொண்டன. ஆகஸ்டில் பிரிட்டன் பட்டியலில் 42-ஆம் இடத்தில் நுழைந்த பாட்டு செப்டம்பரில் முதலிடம் ஏறியது. டிசம்பரில் அமெரிக்காவிலும் முதலிடம். உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம் தட்டுகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது.

இது எதிர்பாராத அதிர்ஷ்டம் என்று எழுதுவது வழக்கம். பாதிதான் உண்மை. பாட்டைச் சீக்கிரம் முடித்தது நேர நெருக்கடி; ஆனால் தாளத்தை முன்னால் வைத்து, மெட்டை ஒரே மூச்சில் பிடிபடும்படி சுருக்கி, நடுவில் எல்லோரும் சேர்ந்து கத்த இடம் விட்டது கைப்பழக்கம். டிஸ்கோ என்ற அலை இன்னும் முழுதாக எழாத நேரத்தில் அதன் இலக்கணம் இந்தப் பாட்டில் இருந்தது. குறையும் உண்டு. பாட்டில் வரும் 'சீன' இசைத்துணுக்கு மேற்கத்தியர் கற்பனையில் பிறந்த பொம்மைச் சீனா. இன்று கேட்கும் ஆசியக் காதுகளுக்கு அது உறுத்தும். போட்டவர் ஓர் ஆசியர் என்பது ஒரு வேடிக்கை.

அடுத்து டீனா சார்ல்ஸ். இந்த ஆங்கிலப் பாடகி பிட்டுவின் தயாரிப்பில் பாடிய 'ஐ லவ் டு லவ்' 1976 மார்ச்சில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஜிம்மி ஜேம்ஸ் அண்ட் தி வேகபாண்ட்ஸ் குழுவின் 'நவ் இஸ் தி டைம்' அதே ஆண்டில் வந்தது. பிட்டு ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில் அவரே வெளியிட்ட வாத்திய இசைத் தட்டுகளும் ஓடின. 1975-இன் 'சம்மர் ஆஃப் 42' பிரிட்டனில் 14-ஆம் இடம் வரை போனது. டீனா சார்ல்ஸின் குழுவில் பாஸ் கிதார் வாசித்த டிரெவர் ஹார்ன், பிட்டு வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவர் பின்னாளில் பகிள்ஸ் குழுவில் 'வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்' பாடி, 1980-களின் பெரிய தயாரிப்பாளர்களில் ஒருவரானார். 

நாஸியா ஹசன்

நடிகரும் இயக்குநருமான ஃபெரோஸ் கானும் பெங்களூர்க்காரர். 'குர்பானி' படத்துக்கு ஒரே ஒரு பாட்டு வேண்டும் என்று அவர் பிட்டுவிடம் கேட்டார். மற்றப் பாடல்களுக்குக் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி இசை. லண்டனில் படித்துக்கொண்டிருந்த நாஸியா ஹசன் என்ற பாகிஸ்தானியச் சிறுமியை ஒரு விருந்தில் பார்த்த கான், அவளையே பாட வைக்கலாம் என்றார். அப்படிப் பிறந்ததுதான் ஜீனத் அமன் திரையில் ஆடிப் பாடிய 'ஆப் ஜைசா கோயி'. சிறந்த பின்னணிப் பாடகிக்கான ஃபிலிம்ஃபேர் விருது நாஸியாவுக்குக் கிடைத்தபோது வயது 15.

பம்பாயிலும் சென்னையிலும் அப்போது பாட்டுப் பதிவு என்றால் பெரிய வாத்தியக் குழுவும் பாடகரும் ஒரே கூடத்தில் கூடி, ஒரே ஓட்டத்தில் வாசித்து முடிப்பது. வயலின் ஒன்று பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிட்டுவின் லண்டன் முறை வேறு. டிரம், பாஸ், கிதார், குரல் ஒவ்வொன்றையும் தனித் தடத்தில் பதிந்து, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. நாஸியாவின் குரல் கனமானது அல்ல. மூக்கில் கொஞ்சம் ஒட்டும். லதாவும் ஆஷாவும் நிறைந்திருந்த உலகில் சாதாரணமாகப் பாட விட்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தச் சன்னமான குரலைத் தாளத்துக்கு நடுவில் மிதக்க விட்டு, அதன் பலவீனத்தையே அடையாளமாக்கினார் பிட்டு. அவர் தொழிலின் சிறந்த சான்று 'குங் ஃபூ ஃபைட்டிங்' அல்ல, இதுதான்.

1981-இல் நாஸியாவும் தம்பி ஸோஹேபும் பாடிய 'டிஸ்கோ தீவானே' இசைத்தொகுப்பு வெளிவந்தது. படம் இல்லை, நட்சத்திரம் இல்லை, பாட்டு மட்டும். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஒரே நேரத்தில் ஓடியது. 1982-இல் இவர்கள் பிட்டுவின் இசையில் பாடிய 'ஸ்டார்' படம் தோற்றது, அதன் பாட்டுகள் தோற்கவில்லை. 1984-இல் 'யங் தரங்' தொகுப்பு வந்தது. நாஸியா பின்னர் பாடுவதை விட்டு விலகினார். 2000 ஆகஸ்டில் லண்டனில் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 35.

இடையில் ஜப்பானில் ஒரு வெற்றி: அகினா நகாமோரி 1987-இல் பாடிய 'பிளாண்ட்' பாட்டு பிட்டுவும் வின்ஸ்டன் செலாவும் சேர்ந்து ஆக்கியது.

'மேட் இன் இந்தியா'

நாஸியாவை மனத்தில் வைத்துத்தான் இந்தப் பாட்டு உருவானது. பாகிஸ்தானில் மனவருத்தம் எழும் என்று அவர் மறுத்தார். பாட்டு அலிஷா சினாயிடம் போனது. 1995-இல் மேக்னாசவுண்ட் வெளியிட்டது. மிலிந்த் சோமன் நடிக்க கென் கோஷ் எடுத்த காணொளி, அப்போதுதான் வேரூன்றிய செயற்கைக்கோள் அலைவரிசைகளில் ஓயாமல் ஓடியது. கேபிள் டிவி இல்லாவிட்டால் இந்தப் பாட்டு இந்த அளவு பரவியிருக்காது. நாட்டின் கதவு பன்னாட்டுச் சரக்குகளுக்குத் திறந்திருந்த ஆண்டுகளில் 'இந்தியாவில் செய்தது' என்று பெருமை பேசிய பாட்டை லண்டன்வாசி ஒருவர் ஆக்கினார். 2010-இல் வந்த தம் தன்வரலாற்றுக்கும் அவர் அதே பெயரை வைத்தார்.

தமிழில்

பிட்டு தமிழில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. 'குர்பானி' 1986-இல் சிவாஜி, ரஜினிகாந்த், விஷ்ணுவர்தன் நடிக்க 'விடுதலை'யாகத் தமிழுக்கு வந்தபோது இசை சந்திரபோஸ். டிஸ்கோ தாளம் வேறு வழியில், இளையராஜா முதலானோரின் சினிமாப் பாட்டுக்குள் புகுந்து, மைக் செட் ஸ்பீக்கர்கள் வழியாகக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது. சினிமாவைச் சாராத தமிழ்ப் பாப் பாட்டுக்குப் பிட்டு போன்ற ஒருவர் வாய்க்கவில்லை. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. மால்குடி சுபாவின் 'வால்பாறை வட்டப்பாறை' ஓடியது. இவற்றைத் தொடர்ந்து வளர்க்கும் தயாரிப்பாளரோ நிறுவனமோ அன்று நிலைக்கவில்லை. பாட்டு என்றாலே படப்பாட்டு என்ற பழக்கம் இங்கே அவ்வளவு வலியது.

மதிப்பீடு

மெட்டமைப்பாளராகப் பிட்டு பெரிய மேதை அல்லர். அவர் மெட்டுகள் பல ஒன்றுபோல் இருக்கும். பொருத்தமான குரலைக் கண்டுபிடிப்பதிலும், அதற்கேற்ற அளவில் பாட்டை வெட்டித் தைப்பதிலும் அவருக்கு நிகரானவர் இந்தியாவில் பிறந்தவர்களில் குறைவு. இந்தித் திரையிசை அவருடைய வழியைத் தொடரவில்லை, உறிஞ்சிக்கொண்டது. 2012-இல் 'ஸ்டூடண்ட் ஆஃப் தி இயர்' படம் 'டிஸ்கோ தீவானே'யை எடுத்துப் புதிதாக்கியபோது, படமில்லாமல் பிறந்து ஓடிய அந்தப் பாட்டும் கடைசியில் படப்பாட்டானது.