இரண்டங்குல வெள்ளை

இரண்டங்குல அகலம், ஆறங்குல உயரம். மரப்பட்டைமேல் வெள்ளைப் பெயின்டால் இழுத்த ஒரு பட்டை, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் கிளம்பி, பதினான்கு மாநிலங்களைக் கடந்து, மேய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தில் முடியும் அப்பலாச்சியன் ட்ரெயிலுக்கு இதுதான் வழிகாட்டி. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். கனடாவின் ஒன்டாரியோவில், நயாகரா ஆற்றோரத்துக் குவீன்ஸ்டனிலிருந்து ஹியூரான் ஏரிக்கரையின் டோபர்மோரி வரை, சுண்ணாம்புப் பாறைச் செங்குத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு 900 கிலோமீட்டர் போகும் புரூஸ் ட்ரெயிலுக்கும் இதே அளவு, இதே வெள்ளை. கிளைப்பாதை என்றால் இரண்டிலும் நீலம்.

ஒன்றில் நடந்து பழகியவர் மற்றதில் வழி தவறமாட்டார். ஆனால் அந்தப் பட்டை சொல்லும் சேதி இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. அப்பலாச்சியனில் அது ‘இது பொதுச் சொத்து’ என்கிறது. புரூஸில் பல இடங்களில் அது சொல்வது, ‘இந்த நிலத்துக்காரர் சரியென்று சொல்லியிருக்கிறார், அவர் மனம் மாறாமல் பார்த்துக்கொள்.’

இரண்டும் தொடங்கிய விதம் ஒன்றுதான். 1921இல் பென்டன் மெக்காய் என்ற வனவியலாளர் கட்டடக் கலைஞர்களின் இதழொன்றில் எழுதிய கட்டுரைதான் அப்பலாச்சியனின் விதை. அவர் கனவு கண்டது வெறும் பாதையை அல்ல; மலைமேல் முகாம்கள், பண்ணைகள், நகரத்துக்கு மாற்றான ஒரு வாழ்க்கை. அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, ‘முதலில் பாதையை முடிப்போம்’ என்று இறங்கியவர் மைரன் ஏவரி என்ற வழக்கறிஞர். இருவருக்கும் கடைசியில் பேச்சே நின்றுபோனது. கனவு காண்பவரும் காரியம் முடிப்பவரும் ஒரே சங்கத்தில் இருந்தால் நடப்பதுதானே. 1937இல் பாதை முழுமையடைந்தது. புரூஸுக்கு வித்திட்ட ரே லோஸ், ஹாமில்டனில் உருக்காலை ஒன்றில் உலோகவியலாளர். 1960இல் இயற்கை ஆர்வலர்களிடம் யோசனையைச் சொன்னார். பிலிப் கோஸ்லிங் என்பவர் வழிநெடுக வீடு வீடாகக் கதவைத் தட்டி, ‘உங்கள் காட்டோரமாக நாலு பேர் நடந்துபோகலாமா?’ என்று அனுமதி கேட்டார். 1967இல், கனடாவின் நூற்றாண்டு ஆண்டில், பாதை திறக்கப்பட்டது.

பிரிவு அடுத்த ஆண்டே வந்தது. அப்பலாச்சியனிலும் அதுவரை கணிசமான பகுதி வாய்ச்சொல் அனுமதியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நிலம் கைமாறும், வீடு வரும், பாதை தார்ச்சாலைக்குத் தள்ளப்படும். 1968இல் அமெரிக்கக் காங்கிரஸ் தேசியத் தடங்கள் சட்டத்தை இயற்றியது. மாநிலங்கள் நிலத்தைக் காக்கும் என்று பத்து ஆண்டு பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1978இல் சட்டத்தைத் திருத்தி, பணமும் ஒதுக்கி, தேசியப் பூங்காத் துறையிடம் நிலம் வாங்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். விற்க மறுத்தவர்களிடம் கட்டாயமாகக் கையகப்படுத்தவும் வழி இருந்தது. அந்தக் கசப்பு சில ஊர்களில் நெடுநாள் ஆறவில்லை. ஆனால் இன்று பாதையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் பாதுகாக்கப்பட்ட நிலம். பிறகு 1984இல் இன்னொரு விநோதம்: வாங்கிய நிலத்தைப் பராமரிக்கும் பொறுப்பைப் பூங்காத் துறை, பாதையை உருவாக்கிய தன்னார்வ அமைப்பிடமே ஒப்படைத்தது. நிலம் சர்க்காருடையது, மண்வெட்டி தன்னார்வலருடையது.

ஒன்டாரியோவில் யாரும் யாருடைய நிலத்தையும் பிடுங்கவில்லை. செங்குத்துச் சரிவில் கட்டடம் எழும்புவதைக் கட்டுப்படுத்த மாகாணம் 1973இல் சட்டம் கொண்டுவந்தது. 1990இல் யுனெஸ்கோ அந்தச் சரிவை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பாதைக்கான நிலத்தை புரூஸ் ட்ரெயில் கன்சர்வன்சி நன்கொடைப் பணத்தில், விற்க முன்வருபவரிடம் மட்டும், துண்டு துண்டாக வாங்கிவருகிறது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இப்போது நிலையான பாதுகாப்பில் இருக்கிறது. மிச்சம்? ஒரு பகுதி சாலையோரம். ஒரு பகுதி இன்னும் கைகுலுக்கலில் நிற்கிறது.

இந்தப் பின்னணி தெரியாமல் இரு பாதைகளின் விதிகளைப் படித்தால், இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்து நோட்டீஸ் மாதிரி இருக்கும். குப்பை போடாதே, பூப் பறிக்காதே, நாயைக் கயிற்றில் பிடித்துப் போ. உற்றுப் பார்த்தால்தான் யாருக்காக எழுதியவை என்பது புலப்படும்.

கால் வைப்பதையே எடுத்துக்கொள்வோம். அப்பலாச்சியனில் வழியில் சேறு கிடந்தால், சுற்றிப் போகாதே, நடுவிலேயே மிதித்துப் போ என்பார்கள். ஆளாளுக்கு ஒதுங்கி நடந்தால் ஓரச் செடி செத்து, இரண்டடிப் பாதை இருபதடியாகும். புரூஸில் வயல் குறுக்கிட்டால் நடுவில் போகாதே, வரப்போரமாகச் சுற்றிப் போ என்பார்கள். பயிர் ஒருவருடையது. முதல் விதி மண்ணுக்காக; இரண்டாவது உழவருக்காக. சப்பாத்து நனையப் போவது என்னவோ இரண்டிலும் நமக்குத்தான்.

வேலியும் அப்படித்தான். புரூஸில் வேலியைத் தாண்ட இருபக்கமும் ஏணிபோல மரப்படி வைத்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் கடப்பு என்பார்களே, அந்த வேலைதான்: ஆள் போகலாம், மாடு போகாது. அந்தப் படியில்தான் ஏற வேண்டும்; வேறெங்கும் வேலிமேல் கால் வைக்கக் கூடாது. கம்பி தொய்ந்தால் மாடு வெளியேறும், மாடு வெளியேறினால் அனுமதி வெளியேறும். சைக்கிளும் குதிரையும் கிடையாது, நடை மட்டுமே. குறித்த சில இடங்கள் தவிரக் கூடாரம் கூடாது. சில நிலத்துக்காரர்கள் இலையுதிர்கால மான்வேட்டை நாள்களில் தங்கள் பகுதியை மூடிவிடுவார்கள். ஏன் என்று கேட்கக் கூடாது, மாற்றுவழியைப் பார்த்துப் போய்விட வேண்டும். அந்தப் பருவத்தில் செம்மேப்பிள் இலை பார்க்க ஸ்கார்பரோவிலிருந்து வேன் நிறையக் கிளம்பும் நம் குடும்பங்களுக்கு இந்த ஒரு விதியையாவது தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

புரூஸில் நடக்கக் கட்டணம் இல்லை. பெருந்தன்மை மட்டும் காரணமல்ல. பணம் வாங்காமல், குறிபோட்ட நடைத்தடத்துக்குத் தன் நிலத்தை விடுபவருக்கு, வந்தவர் விழுந்து கால் ஒடிந்தால் வரும் சட்டப் பொறுப்பை ஒன்டாரியோவின் 1980ஆம் ஆண்டுச் சட்டமொன்று பெரிதும் குறைத்துவைக்கிறது. ஆக, அந்த வெள்ளைப் பட்டை வழி காட்டுவதோடு நிலத்துக்காரருக்குக் கொஞ்சம் கவசமாகவும் இருக்கிறது.

அப்பலாச்சியனில் விதி எழுதும் கை ஊருக்கு ஊர் மாறும். ஸ்மோக்கி மலைப் பூங்காவில் இரவு தங்கக் கட்டண அனுமதிச் சீட்டு. ஜார்ஜியாவின் பிளட் மலைப் பகுதியில் வசந்த மாதங்களில் இரவு தங்குவோர், கரடி உடைக்க முடியாத கெட்டி டப்பாவில்தான் சாப்பாட்டை வைக்க வேண்டும். மீறினால் அபராதம். இந்த விதிகளுக்குப் பின்னால் நிற்பது கோபித்துக்கொள்ளும் உழவர் இல்லை, வனத்துறைச் சீருடை. எதற்கு என்றால் கூட்டத்தைச் சமாளிக்கத்தான். பொதுச் சொத்து என்றான பின் எவரையும் வராதே என்று சொல்ல முடியாது. எப்படி வர வேண்டும் என்றுதான் சொல்ல முடியும். ரிட்ஜ்ரன்னர் எனப்படுவோர் பருவம் முழுக்கப் பாதையில் நடந்தபடி வருவோரிடம் பேசிக்கொண்டே இருப்பார்கள். தண்டிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. எனக்கென்னவோ சீட்டையும் அபராதத்தையும்விட அந்தப் பேச்சுதான் அதிக வேலை செய்கிறது என்று படுகிறது.

இவ்வளவு சட்டம் இருந்தும் அப்பலாச்சியனின் கடைசி மலையில் கதை தலைகீழாகிறது. கட்டாடின் நிற்பது பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவில். மேய்ன் ஆளுநராக இருந்த பெர்சிவல் பாக்ஸ்டர், பதவிக்காலம் முடிந்த பின் முப்பது ஆண்டுக்கும் மேலாகத் தன் சொந்தப் பணத்தில் இரண்டு லட்சம் ஏக்கர் வாங்கி, ‘இது என்றும் காடாகவே இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையோடு மக்களுக்குக் கொடுத்தார். பராமரிப்புக்கு நிதியும் வைத்துவிட்டுப் போனார். அங்கே முதலில் காடு, அப்புறம்தான் வந்தவர். நாய் கூடாது, பன்னிரண்டு பேருக்கு மேல் கூட்டமாகப் போகக் கூடாது, பொதுவெளியில் மது கூடாது.

2015 ஜூலை 12 அன்று ஸ்காட் ஜூரக் என்ற நெடுந்தூர ஓட்டக்காரர் முழுப் பாதையையும் 46 நாள், 8 மணி, 7 நிமிடத்தில் முடித்துக் கட்டாடின் உச்சியில் ஏறினார். புதிய சாதனை. கூட வந்தவர்கள் சூழ, ஷாம்பெய்ன் பாட்டில் திறக்கப்பட்டது. பூங்காக் காவலர் மூன்று குற்றச்சாட்டு எழுதினார்: மது, அளவுக்கு மீறிய கூட்டம், பாறையில் ஷாம்பெய்ன் சிந்தியதால் அசுத்தம் செய்தல். கடைசியில் மதுவுக்கு மட்டும் 500 டாலர் அபராதம்; மற்ற இரண்டும் கைவிடப்பட்டன. ஓட்ட ரசிகர்கள் பூங்காவைத் திட்டித் தீர்த்தார்கள். சிந்திய ஷாம்பெய்ன் குப்பையா என்ற கேள்வியில் நானும் சிரித்தவன்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே பூங்கா நிர்வாகம் பாதை அமைப்புக்குக் கடிதம் எழுதியிருந்தது: நெடும்பயணிகளின் கும்மாளம் இப்படியே போனால் பாதையின் முடிவிடத்தை வேறெங்காவது மாற்ற வேண்டிவரலாம் என்று. அதாவது, கோடிக்கணக்கில் டாலர் செலவழித்து, சட்டம் போட்டு நிலைநிறுத்திய பாதையும் தன் வாசற்படியில் விருந்தாளிதான். அந்தக் கடிதத்தை புரூஸில் அனுமதி தந்த எந்த விவசாயியும் எழுதியிருக்கலாம்.

பராமரிப்பில் இவ்வளவு வித்தியாசம் இல்லை. அப்பலாச்சியனில் முப்பது கிளப், புரூஸில் ஒன்பது. இரண்டிலும் ஆளுக்கு ஒரு துண்டு. ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தோடு போய் விழுந்த மரத்தை அறுப்பார்கள், மழைநீர் பாதையோடே ஓடி அரிக்காமல் குறுக்கே கல் பதித்து ஓரம் தள்ளுவார்கள். அப்பலாச்சியனில் இன்னொரு வகைத் தன்னார்வலர் உண்டு. எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை. அவர்கள் பாதையில் நடப்பதே அரிது. சர்க்கார் வாங்கிய நிலத்தின் எல்லையில், முள்ளும் புதருமாக, மஞ்சள் குறியும் எல்லைக்கல்லும் இருக்கின்றனவா, பக்கத்து வீட்டுக்காரர் கொட்டகையை உள்ளே நகர்த்தியிருக்கிறாரா என்று பார்த்தபடி போவார்கள். காட்சியும் இல்லை, சான்றிதழும் இல்லை. நிலம் சொந்தமானால் வரும் வேலை இது. வேலித் தகராறு தெரிந்த நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புரூஸ் அமைப்பும் நிலம் வாங்க வாங்க, அங்கும் ஒவ்வொரு துண்டுக்கும் இப்படியொரு காவலர் வேண்டியிருக்கிறது.

எது மேல்? மனசுக்குப் பிடித்தது புரூஸ்தான். அனுமதி எந்த நாளும் போகலாம் என்பதால் வந்தவருக்கு ஒரு பணிவு ஒட்டிக்கொள்கிறது. எந்த அபராதப் பலகையும் அதைத் தராது. ஆனால் கைகுலுக்கல் பத்திரத்தில் ஏறாது. தந்தை கொடுத்த வாக்கு மகனைக் கட்டாது. வீட்டை வாங்கிய புதியவருக்கு அப்படியொரு வாக்கு இருப்பதே தெரியாமல் போகலாம். கன்சர்வன்சியே அதை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. நிதி திரட்டி நிலம் வாங்குவது ஏன்? அமெரிக்கர்கள் 1978இல் போன இடத்துக்கே இவர்களும் போகிறார்கள். கட்டாயப்படுத்தாமல், மெதுவாக, இன்னும் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு.

அதுவரை, அனுமதி ரத்தானால் செய்ய வேண்டிய வேலையும் அதே தன்னார்வலர் தலையில்தான் விழும். வேலியிலிருந்து மரப்படியைக் கழற்ற வேண்டும். பிறகு, தானே வருடா வருடம் புதுப்பித்த வெள்ளைப் பட்டைகள்மேல் மரப்பட்டை நிறத்துப் பெயின்டை அடிக்க வேண்டும், மரம் மரமாக. அன்றைக்கே வெள்ளை டப்பாவையும் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போய், முதல் மின்கம்பத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.