உச்சியில் ஓயும் மாற்றம்

தமிழக எல்லையை ஒட்டி, பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் அமைந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. முன்னர்க் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த இவ்வட்டம் 1956-இல் கேரள மாநிலத்தில் சேர்ந்தது; ஆயினும் தமிழ் அங்கு வீட்டிலும் கடைத்தெருவிலும் வழங்கியே வருகின்றது. ஆனைமலையில் பிறக்கும் ஆழியாற்றின் நீர் சித்தூர்ப் புழையாகி, நிளா எனப்படும் பாரதப்புழையை அடைகின்றது. அந்நீரின் போக்கிலேயே நாம் இன்று ஒரு கணித வரலாற்றைக் காண்போம்.

முதலில் கணக்கு. அவ்வூர் உழவர் ஒருவரிடம் 100 முழக் கயிறு இருக்கின்றது. அதனால் நீள்சதுரமாக நிலத்தை வளைக்க வேண்டும். பரப்பு மிகப் பெரிதாதல் வேண்டும். நீளமும் அகலமும் சேர்ந்து 50 முழம். அகலம் 10 ஆயின் பரப்பு 400 சதுர முழம். 11 ஆயின் 429. ஒரு முழத்தில் 29 கூடிவிட்டது! அகலம் 24 ஆயின் 624. 25 ஆயின் 625. ஒன்றே கூடிற்று. 26 ஆயினோ மீண்டும் 624. உச்சியை நெருங்க நெருங்க ஏற்றம் தளர்ந்து, உச்சியில் ஓய்ந்து, பின் இறக்கமாகின்றது. அகலத்தை அ என்றால் பரப்பு அ(50−அ). அது மாறும் வீதம் 50−2அ. இதனைச் சுழியாக்கினால் அ=25. பள்ளத்தின் அடியிலும் வீதம் சுழியே ஆதலின், முன்னே ஏற்றமும் பின்னே இறக்கமும் உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

இவ்வழியைப் பிரெஞ்சு அறிஞர் பெர்மா 1630-களில் கையாண்டார். லைப்னிட்சு 1684-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே பெருமங்களையும் சிறுமங்களையும் குறிப்பது. பள்ளிப் பாடம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றது.

ஆனால் 1150-இல் சித்தாந்த சிரோமணி இயற்றிய பாஸ்கரர் இக்கருத்தை வானத்திலே கண்டார். கோள் ஒரே சீராக நகர்வதில்லை. அதன் சராசரி நிலைக்கும் உண்மை நிலைக்கும் உள்ள வேறுபாடு வளர்ந்து, உச்சம் அடைந்து, குறைகின்றது. அவ்வேறுபாடு மிகப் பெரிதாகும் இடத்தில் அதன் மாற்றம் இல்லாமற் போகின்றது என்றார் அவர். முன்னோராகிய லல்லர் அவ்விடத்தைப் பிழையாகக் குறித்ததையும் தயங்காது மறுத்தார்.

இவ்வாராய்ச்சி பின்னர் நிளாக் கரைக்கு வந்தது. சங்கமகிராமத்து மாதவர் 14-ஆம் நூற்றாண்டில் முடிவிலாத் தொடர்களைக் கண்டார். அவர் வழிவந்தவரும், திரூரை அடுத்த திருக்கண்டியூரில் 1444-இல் பிறந்தவருமான நீலகண்ட சோமயாஜி, தந்திரசங்கிரகத்தில் கோளின் வேக மாற்றத்தை மேலும் திருத்தமாகக் கணித்தார்.

நுண்கணிதம் முழுமையும் நம் நாட்டிலேயே இருந்தது என்பார் உளர். நாம் அதற்கு உடன்படோம். எந்தச் சார்புக்கும் பொருந்தும் பொதுவிதியை இவர்கள் நாடவில்லை. வானநூலுக்கு வேண்டியதையே ஆழக் கண்டனர். ஐரோப்பாவுக்கு இவ்வறிவு சென்றது என்பதற்கும் உறுதியான சான்று கிட்டவில்லை. எனினும், ‘உச்சியில் மாற்றம் சுழி’ என்பதைப் பெர்மாவுக்கு ஏறத்தாழ 480 ஆண்டுகள் முன்னரே இங்கு அறிந்திருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை.

1530-ஐ ஒட்டி ஜேஷ்டதேவர் இக்கணிதத்தின் நிறுவல்களையெல்லாம் யுக்திபாஷை என்ற நூலில் மலையாள உரைநடையில் எழுதினார். ஆங்கிலேய அதிகாரி விஷ் 1834-இல் இம்மரபை மேனாட்டார்க்கு அறிவித்தும், ஒரு நூற்றாண்டு அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. சென்னைக் கணித அறிஞர் சி. தி. இராசகோபால் 1944 முதல் அதனை ஆராய்ந்து எழுதினார். 1948-இல் இராமவர்மா மரு தம்புரானும் அகிலேசுவர ஐயரும் விளக்கக் குறிப்புகளுடன் யுக்திபாஷையின் முற்பகுதியைத் திருச்சூரில் பதிப்பித்தனர். இரு மொழியும் கற்ற கொழிஞ்சாம்பாறைத் தமிழர் அதனை மொழிபெயர்ப்பின் துணையின்றியே படிக்கலாம்.