ஃபார்மட் அடித்த காலம்

கடலூரின் செம்மண்டலத்திலோ மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரத்து வீதிகளிலோ, பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பழைய மடிக்கணினி ஒன்றைத் திறந்து டிரைவ்கள் இருக்கும் பக்கத்துக்குப் போனால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். சி டிரைவ் நிரம்பிச் சிவப்புப் பட்டை காட்டும். பக்கத்தில் டி, ஈ இரண்டும் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும். இருப்பதோ ஒரே ஹார்டு டிஸ்க். அதை மூன்றாக வெட்டி வைப்பதால் வேகம் கூடுவதில்லை. சொல்லப்போனால் சி நிரம்பியதும் குறைகிறது. பிறகு எதற்கு இந்தப் பாகப்பிரிவினை? ஃபார்மட் அடித்தால் சி போகும், டி போகாது என்பதற்காக. கல்யாண போட்டோ, புராஜெக்ட், பாட்டு எல்லாவற்றையும் 'டி டிரைவ்ல போட்டு வை' என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுக்கப்பட்டது. கணினி மெதுவாகும், ஹேங் ஆகும், அப்போது அழித்துவிட்டு மறுபடி ஓஎஸ் போட வேண்டும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. இந்த வழக்கத்தைத் தொழில் தெரியாதவர்களின் மூடநம்பிக்கை என்று இன்று கேலி செய்வது எளிது. ஆனால் அது ஒரு காலத்து நோய்க்குச் சரியான மருந்தாகவே பிறந்தது. நோய் மாறிய பிறகும் அது நீடித்ததற்குப் பெரிய காரணம், புதிய நோயை வீட்டில் இருப்பவர் பார்க்க முடியாத இடத்தில் கணினியே ஒளித்து வைத்திருந்தது.

பிறந்த காலத்தை முதலில் பார்க்க வேண்டும். விண்டோஸ் 98, அதன்பின் 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி, சென்னை ரிச்சி தெருவிலிருந்து பாகம் பாகமாக வாங்கிவந்து பூட்டிய 'அசெம்பிள்டு சிஸ்டம்', கைமாறிக் கைமாறி வந்த எக்ஸ்பி சிடி: 2000களின் வீட்டுக் கணினி இவற்றின் கூட்டு. திருட்டு நகலை வைத்திருந்தவர்கள், அசல் இல்லை என்று திரையில் அறிவிப்பு வந்துவிடுமோ என்று பயந்து தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைத்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர், 2004இல் சாசர் ஆகிய புழுக்கள் இணையத்தில் இணைத்திருந்தாலே போதும் என்று உள்ளே வந்தன. அதற்கடுத்துப் பென் டிரைவ் காலம். கணினி மையம், ஜெராக்ஸ் கடை, கல்லூரி லேப், பக்கத்து வீடு என்று ஒரே பென் டிரைவ் சுற்றிவந்தது. 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் 1979 முதல் தொலைநிலைக் கல்வியும் இருக்கிற சிதம்பரம் போன்ற ஊரில் விண்ணப்பம், ஆய்வேடு, அச்சு என்று அந்தச் சுற்றுக்குக் குறைவிருந்திருக்காது. செருகிய உடனே தானாக ஓடும் ஆட்டோரன் வசதியே வைரஸுக்கு வாகனம். 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்ஃபிக்கர் பரவிய வழிகளில் அதுவும் ஒன்று. எக்ஸ்பியில் பென் டிரைவுக்கான ஆட்டோரனை முடக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் பரவலாக அனுப்பியது 2011 பிப்ரவரியில்தான். அனுப்பியும் என்ன, அப்டேட்டை நிறுத்தி வைத்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

அந்த நிலையில் ஃபார்மட்டை விடச் சிறந்த வைத்தியம் எதைச் சொல்ல முடியும்? ஒரு வைரஸை நீக்கினால் அது திருத்திவைத்த அமைப்புகள் அப்படியே கிடக்கும். எத்தனை நுழைந்திருக்கின்றன என்று எண்ணுவதற்கும் வழியில்லை. துடைத்துவிட்டு மறுபடி போடுவதே உறுதியான வழி. கல்லூரி லேப்களும் அதைத்தான் வேறு பெயரில் செய்தன: நார்ட்டன் கோஸ்ட்டில் எடுத்து வைத்த பிரதியை இறக்குவது, டீப் ஃப்ரீஸ் போட்டு ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் பழைய நிலைக்கே திருப்புவது. கடைக்காரர் பக்கம் இன்னொரு கணக்கும் உண்டு. ஆராய்ந்து பார்த்ததற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்து ஒரு சின்ன நிரலை நீக்கிக் கொடுத்தால், 'இதுக்கா பணம்' என்பார்கள். ஃபார்மட்டுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, கண்ணுக்குத் தெரியும் பலனும் உண்டு. சிடி ஓடும் நேரத்தில் அடுத்த சிஸ்டத்தையும் பார்க்கலாம். உழைப்பு மலிவாகவும் உதிரிபாகம் விலை கூடுதலாகவும் இருந்த ஊரில் இந்தக் கணக்கே ஜெயித்தது.

நோய் இடம் மாறியது 2011ஐ ஒட்டி. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மாநில அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த எண்ணிக்கை அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்தைத் தாண்டியது. முதல் தவணைக் கணினிகளில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். பின்னால் வந்தவற்றில் 4 ஜிபி, 500 ஜிபி. அன்றைய தேவைக்கு இது குறைவில்லை. விண்டோஸ் 7இல் வைரஸ் தடுப்பு எக்ஸ்பியை விட மேல். பென் டிரைவ் ஆட்டோரன் அதில் முதலிலிருந்தே கிடையாது. ஆக, பழைய நோய் தணிந்துகொண்டிருந்தது. ஆனால் உலாவிகள் பெருத்தன, இணையப் பக்கங்கள் பெருத்தன. 2015 ஜூலை 29இல் விண்டோஸ் 10 வந்து, ஓராண்டுக்கு இலவசமாக மேலேற்றிக்கொள்ளலாம் என்றதும் அதே 2 ஜிபி கணினிகளில் அதுவும் ஏறியது. பின்னணியில் ஓயாமல் எதையாவது படித்து எழுதிக்கொண்டிருக்கும் அமைப்பு அது. அதன் சுமை முழுவதும் போய் விழுந்த இடம் ஹார்டு டிஸ்க்.

மடிக்கணினிகளில் வழக்கமாக இருந்த ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90 சுற்றுச் சுழலும் தட்டு. ஒரு கோப்பைப் படிக்க ஊசிமுனை அந்தத் தடத்துக்கு நகர வேண்டும், பிறகு வேண்டிய பகுதி சுழன்று கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். சராசரியாகப் பாதிச் சுற்றுக்கான காத்திருப்பே ஐந்தரை மில்லி நொடி. முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 15 மில்லி நொடி. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சின்னக் கோப்புகளை நொடிக்கு அறுபது எழுபது முறைக்கு மேல் எடுத்துத் தர அதனால் இயலாது. சுழலும் தட்டே இல்லாத சாதாரண எஸ்எஸ்டி அதே வேலையைப் பல்லாயிரம் முறை செய்யும். விண்டோஸ் எழும்போது படிக்கும் சின்னத் துண்டுகள் ஆயிரக்கணக்கில். போதாததற்கு, 2 ஜிபி ராம் நிரம்பியதும் மிச்சத்தை விண்டோஸ் அதே ஹார்டு டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கும். ராம் போதாத குறையும் டிஸ்க் வேலையாகவே வெளிப்படும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

பார்ப்பதற்கு என்ன இருந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் முக்கியமான கேள்வி. இதுவரை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத கேள்வியும்கூட என்று தோன்றுகிறது. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தினால் வரும் டாஸ்க் மேனேஜர், வீட்டுப் பயனருக்குத் தெரிந்த ஒரே அளவுமானி. எக்ஸ்பி காலத்தில் அது வரைபடமாகக் காட்டியது சிபியு, நினைவகம், நெட்வொர்க் ஆகியவற்றை. டிஸ்க் எவ்வளவு திணறுகிறது என்பதற்கு வரைபடமே கிடையாது. விண்டோஸ் 7இல் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தனியே ஒன்று இருந்தது. இருப்பதே பலருக்குத் தெரியாது. டிஸ்க் உழைப்பைச் சதவீதமாக முகப்பிலேயே காட்டும் டாஸ்க் மேனேஜர் 2012 அக்டோபரில் விண்டோஸ் 8உடன்தான் வந்தது. தொடக்கத்தில் தாமாக எழும் நிரல்களைக் காட்டி நிறுத்த உதவும் 'ஸ்டார்ட்டப்' தாவலும் அதில்தான் சேர்ந்தது. அதுவரை சிபியு பத்து சதவீதத்தில் சும்மா இருக்கிறது, ராமும் நிரம்பவில்லை, ஆனாலும் சிஸ்டம் நகரவில்லை என்று பார்க்கிறவர் என்ன முடிவுக்கு வருவார்? வைரஸ், அல்லது ஓஎஸ் கெட்டுவிட்டது. ஃபார்மட். கண்முன் இருந்த சான்றிலிருந்து பார்த்தால் அது நியாயமான முடிவுதான். விண்டோஸ் 10க்கு மாறியவர்கள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'டிஸ்க் 100%' என்று பார்த்தபோதுதான் பலருக்கும் முதன்முறையாக நோய் கண்ணில் பட்டது.

'ஃபார்மட் அடித்தால் வேகம் வந்ததே, அது பொய்யா' என்று கேட்கலாம். பொய்யில்லை. ஆனால் ஃபார்மட் ஒரே வேளையில் பல காரியங்களைச் செய்கிறது. தொடக்கத்தில் எழும் நிரல்கள் போகின்றன, சி டிரைவ் காலியாகிறது, சிதறிய கோப்புகள் தட்டின் வேகமான வெளித்தடங்களில் அடுத்தடுத்து அமர்கின்றன, உலாவியின் நீட்சிகள் மறைகின்றன. இவற்றில் குணப்படுத்தியது எது என்று சொல்ல வழியே இல்லாமல் எல்லாம் ஒன்றாக மாறிவிடுகின்றன. அதனால்தான் அந்த வேகம் சில வாரங்களில் திரும்பிப் போனபோது ஏன் போனது என்பதும் தெரியவில்லை. இன்னும் மோசமான வகை ஒன்று உண்டு. சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க், பழுதான பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று கணினியை நிறுத்தி வைக்கும். 'குவிக் ஃபார்மட்' அந்தப் பகுதிகளைச் சோதிப்பதே இல்லை. புதுசு போல எழுந்து, கொஞ்ச நாளில் டி டிரைவ் உட்பட மொத்தமாகப் போய்விடும். போதாக்குறைக்கு, அந்த மாடலுக்கான டிரைவர்கள் கிடைக்காமல் பொது டிரைவரோடு ஓட்டிய திரை இழுபட்டது. 2015, 16 வாக்கில் விண்டோஸ் 7ஐப் புதிதாகப் போட்டால் அப்டேட் தேடும் வேலையே மணிக்கணக்கில் சிபியுவைத் தின்றதும் நடந்தது. மருந்தே மெதுவாக்கிய விசித்திரம்.

இலவசமாகக் கொடுத்ததால் தரமில்லாத சரக்கு, அதனால்தான் மெதுவானது என்ற வாதமும் உண்டு. இதில் ஏழைக்குக் கிடைத்ததன் மேல் எப்போதும் விழும் ஏளனம்தான் அதிகம். அன்று கடையில் காசு கொடுத்து வாங்கிய குறைந்த விலை மடிக்கணினிகளிலும் அதே 5,400 சுற்று டிஸ்க், அதே அளவு ராம்தான். அவையும் அதே ஆண்டுகளில் அதே விதமாகத் திணறின. ஹார்டு டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டதும் இரண்டும் ஒருபோல எழுந்து நின்றன. ஊர்ச் சூழலுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. தானே புயல் 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபின் மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில், சில வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அடுத்த ஆண்டு சென்னைக்கு வெளியே பாதி நாளை விழுங்கிய மின்வெட்டு. நெய்வேலி இருக்கும் மாவட்டமும் தப்பவில்லை. பேட்டரி செத்த மடிக்கணினி மின்சாரம் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்ததை அறுத்துக்கொண்டு அணையும், கோப்பமைப்பு கெடும். கடலோர ஈரமும் தூசும் விசிறியை அடைத்தால், சிபியு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சில தயாரிப்புகள் வேறு சார்ஜரைச் செருகினாலும் அப்படிச் செய்யும். இவற்றில் எதற்கும் ஃபார்மட் உதவாது. பிரித்தறியும் வழியும் சிக்கலானதில்லை. எழுந்த முதல் பத்து நிமிடம் நகராமல் பிறகு தேறினால் டிஸ்க் அல்லது ஸ்டார்ட்டப். முதலில் ஒழுங்காக ஓடி, சூடேறிய பின் தளர்ந்தால் விசிறி, தூசு, சிபியு மேல் காய்ந்த பேஸ்ட். டிஸ்க் 100 சதவீதம் காட்டும்போது ராம் 90ஐத் தாண்டியிருந்தால் முதலில் ராம் ஏற்ற வேண்டும். ராமில் இடம் இருந்தும் டிஸ்க் திணறினால் டிஸ்கை மாற்ற வேண்டும்.

அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்த பாஸ் லினக்ஸைப் பயன்படுத்தியிருந்தால் இத்தனையும் வந்திருக்காது என்பார்கள் கட்டற்ற மென்பொருள் ஆதரவாளர்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கியது அது. வைரஸ் விஷயத்தில் அவர்கள் சொல்வது முழு உண்மை. டிஸ்க் விஷயத்தில் பாதி உண்மை: அமைப்பு இலகுவானது, ஆனால் உலாவி எங்கே ஓடினாலும் அதே அளவு ராம் கேட்கும். தவிர, முதல் ஃபார்மட்டிலேயே இடத்தைப் பிடிக்கிறது என்று அதன் பகுதியையும் அழித்துவிடுவது சாதாரணமாக நடந்தது. வேறொரு அமைப்பில் எழுப்பிப் பார்த்து, பழுது வன்பொருளிலா மென்பொருளிலா என்று சோதிக்கக் கையிலேயே இருந்த வசதி அத்தோடு போயிற்று.

வழக்கம் உடைந்தது 2020 மார்ச்சுக்குப் பிறகு. பள்ளி, கல்லூரிகள் மூடி வகுப்புகள் திரைக்கு வந்ததும், பீரோவில் கிடந்த மடிக்கணினிகளை வீடுகள் வெளியே எடுத்தன. வகுப்பு ஒன்பது மணிக்கு என்றால் எட்டரைக்கே போட வேண்டிய கணினியை இனி ஃபார்மட் அடித்துப் பயனில்லை. எஸ்எஸ்டி விலை அதற்குள் சாதாரணக் குடும்பம் எட்டும் அளவுக்கு இறங்கியிருந்தது. டிரைவ் எந்த வகை, ஹெச்டிடியா எஸ்எஸ்டியா என்று டாஸ்க் மேனேஜரே எழுதிக்காட்டத் தொடங்கியதும் அதே 2020இல்தான். ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு எஸ்எஸ்டி. வேலை வீட்டு மேசைக்கே வந்துவிட்டது. இன்று அந்தக் கணினிகளின் தடை வேகம் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறைச் சிபியுவும் அந்தப் பழைய வரிசைகளில் கிடையாது. ஒதுக்கித் தள்ளிய லினக்ஸிடம் இப்போது வேறு காரணத்துக்காகப் போக வேண்டியிருக்கிறது. தமிழக அரசு 2025 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அறிவித்த கணினிகளுக்கு 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்று வரையறுத்திருக்கிறார்கள். அவற்றில் நொடிக்கு எத்தனை முறை படிக்க முடியும் என்பது கேள்வியாக இராது. இடம் எவ்வளவு மிச்சம் என்பதே முதல் கேள்வியாக வரும். அந்த 256ஐயும் பழக்க தோஷத்தில் சி, டி என்று இரண்டாக வெட்டிக் கொடுத்தால், இரண்டு ஆண்டுக்குள் சிவப்புப் பட்டை திரும்ப வரும்.